இரண்டு பேர் வீட்டில் பருவக் காய்கள்: வாங்குவது முதல் கடைசித் துண்டு வரை

சமையல் குறிப்புகள் பெரும்பாலும் நான்கு பேருக்கு எழுதப்படுகின்றன. முட்டைக்கோஸும் பூசணியும் எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு விளைவதில்லை. ஒருவரோ இருவரோ உள்ள வீட்டில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். வாங்கிய அன்று ஆசையாகச் சமைக்கிறோம், மறுநாளும் அதையே சாப்பிடுகிறோம், மூன்றாம் நாள் அலுத்துவிடுகிறது. மீதிக் காய் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கிடந்து நீர் விட்டு, ஒரு நாள் குப்பைக்குப் போகிறது.

காயின் விலையோ சமைப்பவரின் சோம்பலோ இதற்குக் காரணம் இல்லை. ‘இன்று என்ன செய்யலாம்’ என்று பதார்த்தத்திலிருந்து யோசிக்கத் தொடங்குவதுதான் காரணம். காயிலிருந்து யோசித்துப் பாருங்கள். கையில் இருக்கும் இந்தக் காய் இன்று பச்சையாக, நாளை மறுநாள் வேகவைத்து, வாரக் கடைசியில் பதப்படுத்தி என எத்தனை உருவம் எடுக்கும் என்று பார்த்தால், சின்ன வீட்டிலும் பெரிய காயை வாங்கலாம். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்குதான்.

1. வாரத்துக்கு எவ்வளவு?

ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகள் இதில் சேராது. இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்கு 5.6 கிலோ ஆகிறது. பழத்தை ஒதுக்கினால், காய் மூன்றிலிருந்து மூன்றரை கிலோ. வெளியே சாப்பிடும் வேளைகள் இருந்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

மற்றவை எளிது. வேகாத அரிசி ஒரு வேளைக்கு ஒருவருக்கு 75 முதல் 100 கிராம், பருப்பு 40 முதல் 50 கிராம். ஒரு சின்னத் தராசு இருந்தால் முதல் வாரம் மட்டும் நிறுத்துப் பாருங்கள், அப்புறம் கண்ணளவே போதும்.

2. வாங்கும்போது

ஒரு காய்க்கு இப்போது பருவமா என்று தெரிந்துகொள்ள நாள்காட்டி வேண்டாம். எங்கு பார்த்தாலும் அதுவே குவிந்திருக்கும், விலை இறங்கியிருக்கும், சிறிதும் பெரிதும் கோணலுமாகக் கலந்து கிடக்கும். ஒரே அளவில் பளபளவென்று அடுக்கியிருப்பது பெரும்பாலும் தூரத்திலிருந்து, தரம் பிரித்து வந்த சரக்கு.

புதிதா என்று பார்க்கவும் கையே போதும். பீன்ஸை வளைத்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். முட்டைக்கோஸ், எலுமிச்சை, பூசணி மூன்றும் அவற்றின் அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும், லேசாக இருந்தால் நீர் வற்றிவிட்டது. கீரையில் இலையைவிடத் தண்டின் வெட்டுவாயைப் பாருங்கள். அது காய்ந்து கறுத்திருந்தால், மேலே தெளித்த தண்ணீரில்தான் இலை நிமிர்ந்து நிற்கிறது.

எதை எத்தனை வாங்குவது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு: வாரத்துக்குப் பெரிய காய் ஒன்றே ஒன்று. அதோடு சீக்கிரம் வாடுவது ஒன்றோ இரண்டோ, மீதி எல்லாம் தாங்கி நிற்பவை. ஒன்றரை கிலோவில் ஒரு சின்னப் பூசணி, ஒரு கட்டுக் கீரை, கால் கிலோ பீன்ஸ், அரை கிலோ தக்காளி, முக்கால் கிலோவில் ஒரு முட்டைக்கோஸ் என்று எடுத்தால் இருவருக்கு ஒரு வாரம் நிறைவாக ஓடும். வெங்காயம், இஞ்சி, பூண்டு எப்போதும் வீட்டில் இருப்பவை. பூசணியும் காலிஃபிளவரும் தர்பூசணியும் ஒரே நாளில் கண்ணில் பட்டாலும் ஒன்றை மட்டும் தூக்குங்கள். இரண்டு பெரிய காய்கள் ஒரே வாரத்தில் வந்தால் ஒன்று நிச்சயம் வீணாகும்.

3. வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம்

பலரும் தாவிச் செல்லும் படி இதுதான். பையோடு ஃபிரிட்ஜில் திணித்துவிட்டால் வாரம் முழுக்க அதன் பலனை அனுபவிக்க வேண்டும்.

முதல் வேலை பிரிப்பது. தக்காளி, வாழைப்பழம், ஆப்பிள், மாம்பழம் எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. பக்கத்தில் இருக்கும் கீரை மஞ்சளாவதும், வெள்ளரி சீக்கிரம் தளர்வதும், கேரட்டில் ஒரு கசப்பு ஏறுவதும் அதனால்தான். பழக்கூடை ஒரு மூலை, கீரையும் வெள்ளரியும் இன்னொரு மூலை என்று வைத்தாலே பாதி அழுகல் குறையும்.

எல்லாமே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டியதில்லை. தக்காளியை 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் மணம் குன்றிவிடும். செங்காயாக இருந்தால் வெளியே வைத்துப் பழுக்கவிடுங்கள், நன்றாகப் பழுத்த பிறகு இடமில்லை என்றால் ஓரிரு நாள் உள்ளே வைக்கலாம். உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவு சர்க்கரையாக மாறும். வறுக்கும்போது சீக்கிரம் கருகுவது அதன் விளைவு. வெளிச்சத்தில் வைத்தால் பச்சை பாய்ந்து சோலனின் என்ற நச்சு சேரும். ஆகவே இருட்டான, காற்றோட்டமுள்ள இடம். வெங்காயத்துக்கும் அப்படியே, ஆனால் இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள், ஒன்றின் ஈரம் மற்றதைக் கெடுக்கும்.

கீரைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கட்டை அவிழ்த்து, அழுகிய இலையையும் நசுங்கிய இலையையும் ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். ஒரு அழுகிய இலை இரண்டு நாளில் கட்டையே கெடுக்கும். அன்றோ மறுநாளோ சமைப்பதாக இருந்தால் கழுவி நன்றாக உலர்த்தி வைக்கலாம். இல்லையென்றால் கழுவாமலே ஒரு காய்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி டப்பாவில் வையுங்கள். இலையின் மேல் நிற்கும் நீர்தான் எதிரி, இலைக்குள் இருக்கும் நீர் போகவும் கூடாது. துணி இரண்டையும் பார்த்துக்கொள்ளும். கொத்தமல்லி, புதினாவைத் தண்டு மட்டும் நனையும்படி ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, மேலே ஒரு பையைக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாண்டும். காளானை மட்டும் பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்துக் காகிதப் பையில் போடுங்கள்.

முட்டைக்கோஸை நடுவே வெட்டாதீர்கள். வெட்டிய முகம் கறுத்துக்கொண்டே வரும், ஒவ்வொரு முறையும் ஒரு சீவலை வீசுவீர்கள். இரண்டு பேருக்கு வேண்டிய அளவு இலைகளை வெளியிலிருந்து உரித்து எடுத்தால், உள்ளே இருக்கும் உருண்டை வாரக்கணக்கில் தாங்கும்.

4. எதை முதலில் சமைப்பது

முதல் இரண்டு நாள் கீரை, காளான், பட்டாணி, சோளக்கதிர். பச்சைப் பட்டாணியிலும் சோளத்திலும் உள்ள இனிப்பு பறித்த நேரம் முதலே மாவாக மாறிக்கொண்டிருப்பதால், அவற்றை வாங்கிய அன்றே முடிப்பது நல்லது. மூன்றாம் நாளிலிருந்து பீன்ஸ், வெள்ளரி, தக்காளி, காலிஃபிளவர். அதற்கப்புறம் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், முழுப்பூசணி. வாரத்துக்கு மெனு எழுதி ஒட்டத் தேவையில்லை. இந்த வரிசை மனத்தில் இருந்தால் போதும், என்ன செய்வது என்பதை அன்றைய பசியே சொல்லும்.

5. குறிப்பைப் பாதியாக்குவது

நான்கு பேருக்கான குறிப்பில் எல்லாவற்றையும் இரண்டால் வகுத்தால் சரியாக வராது. பொருளின் அளவு பாதியாகிறது, ஆனால் பாத்திரமும் தீயும் ஆவியும் பாதியாவதில்லை.

சோற்றைப் பாருங்கள். 2 கப் அரிசிக்கு 3 கப் தண்ணீர் வைத்து, மூடி போட்டு வேகவைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரிசி தன் அளவுக்கு ஏறக்குறைய சமமான தண்ணீரை, அதாவது 2 கப்பை, உறிஞ்சிக்கொள்கிறது. மீதி 1 கப் ஆவியாகப் போகிறது. இப்போது அதே பாத்திரத்தில் அரை கப் அரிசி மட்டும் வைக்கிறீர்கள். வகுத்துப் பார்த்தால் முக்கால் கப் தண்ணீர் வரும். அது போதாது. அரிசி குடிக்க அரை கப் வேண்டும், ஆவியோ அதே பாத்திரத்தில் அதே நேரத்துக்கு ஏறக்குறைய அதே அளவு போகும். ஆகவே ஒன்றரை கப் அளவில் தொடங்க வேண்டும். கொஞ்சமாகச் சோறு வைத்தால் அடிபிடிக்கிறது, மேலே விறைத்து நிற்கிறது என்று குறைப்படுபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சின்னப் பாத்திரத்துக்கு மாறினால் ஆவியும் குறையும்.

குழம்புக்கும் இதே நியாயம். 24 செ.மீ. வாணலிக்குப் பதில் 18 செ.மீ. வாணலி எடுத்தால் அடிப்பரப்பு பாதிக்குச் சற்று மேல், சரியாகச் சொன்னால் 56 சதவீதம். பாதிக் குறிப்புக்கு அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தும். சின்ன வீட்டுக்கு ஒரே ஒரு பாத்திரம் புதிதாக வாங்குவதாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். அகன்ற வாணலியில் பாதி அளவைக் கொட்டினால் நீர் மளமளவென்று சுண்டும், உப்பு ஏறிவிடும். அதனால்தான் குறிப்பில் உள்ள உப்பில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகவே முதலில் போட்டு, இறக்கும்போது ருசி பார்த்துச் சேர்க்கச் சொல்கிறேன்.

தாளிப்பு இன்னொரு இடம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் அகன்ற வாணலியில் படலமாகப் பரவிவிடும். சீரகம் எண்ணெயில் பொரியாமல் சூடான இரும்பின் மேல் கிடந்து கருகும். உள்ளங்கை அளவுக் கரண்டியில் தாளித்தால், அல்லது வாணலியைச் சாய்த்து எண்ணெயை ஒரு ஓரத்தில் திரட்டி அங்கே பொரித்தால், குறைந்த எண்ணெயே போதும்.

நேரம் எப்போது குறையும்? காய்த் துண்டின் அளவு மாறாதபோது வேகும் நேரமும் மாறாது. நான்கு உருளையும் இரண்டு உருளையும் கொதிநீரில் ஒரே நேரத்தில்தான் வேகும். வதங்குவது, சுண்டுவது மட்டும் சீக்கிரம் முடியும். பிரஷர் குக்கரில் அடியில் விடும் தண்ணீரை ஒருபோதும் பாதியாக்கக் கூடாது. அது நீராவிக்கான தண்ணீர், தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அளவு அப்படியே இருக்க வேண்டும். உள்ளே அடுக்குப் பாத்திரங்கள் வைத்துச் சோறு, பருப்பு, பூசணித் துண்டு மூன்றையும் ஒரே தடவையில் வேகவைத்துக்கொள்ளலாம்.

அரை முட்டை வேண்டும் என்றால் ஒரு முட்டையை அடித்து, நிறுத்து, பாதி எடுங்கள். ஓடு நீக்கிய பெரிய முட்டை சுமார் 50 கிராம் இருக்கும். மிச்சத்தை அன்றே ஆம்லெட்டில் சேர்த்துவிடலாம்.

6. ஒரு பூசணியை முடிப்பது

முழுசாக இருக்கும் பழுத்த பூசணியைக் காம்போடு, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கலாம். அதனால் அவசரம் இல்லை, மற்ற காய்கள் தீர்ந்த பிறகு வெட்டுங்கள். வெட்டிய நிமிடத்திலிருந்து கணக்கு மாறிவிடும். ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள்தான். முதலில் கெடுவது நடுவில் உள்ள நார். விதையையும் நாரையும் வழித்து எடுத்துவிட்டு, வெட்டுவாயை மூடி வைத்தால் அந்த நான்கைந்து நாளும் முழுதாகக் கிடைக்கும்.

முதல் நாள் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, தோலோடு அரை அங்குலத் துண்டுகளாக்கி, எண்ணெயில் மூடாமல் வதக்குங்கள். பூசணியில் நீர் அதிகம், மூடினால் வெந்து குழைந்துவிடும். துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று குவிக்காமல் பரப்பி, ஒரு பக்கம் பொன்னிறமாகும் வரை கிளறாமல் விட்டால் இனிப்பு தூக்கலாக வரும். மிளகாயும் எலுமிச்சைச் சாறும் அதற்கு நல்ல துணை. உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் நீர் விட்டுவிடும்.

மீதி முழுவதையும் அன்றே ஆவியில் வேகவைத்து மசித்துவிடுங்கள். இதுதான் முக்கியமான நகர்வு. துண்டாக இருக்கும் பூசணிக்கு உங்கள் நேரம் வேண்டும். மசித்த பூசணி ஐந்து நிமிடத்தில் சாப்பாடாகும். ஒரு கப் விழுதை வெந்த பருப்போடு கலந்து, பூண்டும் மிளகும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் ஒரு வேளைக்கு இருவருக்கான சூப். இன்னொரு கப்பை மாவில் பிசைந்து ரொட்டியாகத் தட்டலாம். அப்போது தண்ணீரை ஊற்றாதீர்கள், விழுதின் ஈரமே பெரும்பாலும் போதும். மாவு ஒட்டினால் இன்னும் ஒரு பிடி மாவு. அதற்குமேல் இருப்பது ஃப்ரீசருக்கு. விதைகளைக் கழுவி உலர்த்தி, குறைந்த தீயில் வறுத்து உப்புத் தூவினால் மாலைக் கொறிப்பு தயார்.

பூசணிக்குச் சொன்ன இந்த மூன்று நிலை மற்ற காய்க்கும் பொருந்தும். முட்டைக்கோஸ் என்றால் முதலில் பச்சையாக நறுக்கிய சாலட், அப்புறம் வதக்கல், அப்புறம் உப்பில் புளிக்கவைத்தது. தக்காளி என்றால் பச்சை, குழம்பு, சுண்டவைத்த விழுது.

7. மிச்சமும் ஃபிரிட்ஜும்

சின்ன வீட்டில் மிச்சம் விழுந்தே தீரும். சோற்றில்தான் அதிகக் கவனம் தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் இருக்கும், கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெளியே வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை பெருகி நச்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. ‘நல்லா ஆறட்டும், காலையில் எடுத்து வைக்கலாம்’ என்பது இங்கே ஆபத்து. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள். மற்ற பதார்த்தங்களுக்கு இரண்டு மணி நேரம், வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம். ஃபிரிட்ஜ் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருந்தால் குழம்பும் காயும் மூன்று, நான்கு நாள் தாங்கும். எடுத்ததில் சாப்பிடும் அளவை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். முழுப் பாத்திரத்தையும் தினம் சூடாக்கி ஆறவைப்பது ருசிக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

எதை மிச்சம் வைக்கத் திட்டமிடலாம்? பருப்பும் பயறும். கால் கிலோ கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் அரை கிலோவுக்கு மேல் வரும். ஒரு கப், ஒரு கப்பாகப் பிரித்து, வேகவைத்த நீரோடு ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். ராஜ்மா மட்டும் தனிக் கவனம்: குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும்.

8. ஃப்ரீசரும் உப்பும்

பருவம் முடியும்போது காய் மலிவாகக் கொட்டும். அப்போது ஒரு கிலோ கூடுதலாக வாங்கிப் பதப்படுத்தலாம், அதற்குமேல் வேண்டாம். ஃப்ரீசரும் சின்னதுதானே.

காயைப் பச்சையாக உறையவைத்தால் அதில் உள்ள நொதிகள் மெதுவாக நிறத்தையும் மணத்தையும் கெடுத்துக்கொண்டிருக்கும். அதனால் கொதிநீரில் சிறிது நேரம் போட்டு எடுக்க வேண்டும்: பட்டாணி ஒன்றரை நிமிடம், கீரை 2 நிமிடம், பீன்ஸ் 3 நிமிடம். உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, அதே அளவு நேரம் குளிரவிட்டு, துணியில் பரப்பி ஈரம் போக்குங்கள். பிறகு தட்டில் ஒற்றை அடுக்காக உறையவைத்து, அப்புறம் பையில் போட்டால் கட்டியாக ஒட்டாது, ஒரு கைப்பிடி மட்டும் எடுக்க முடியும். தக்காளி விழுதையும் அரைத்த மல்லியையும் ஐஸ் தட்டின் குழிகளில் ஊற்றி வையுங்கள், ஒரு வேளைக்கு இரண்டு கட்டி. சூப்பைப் பையில் ஊற்றிப் படுக்கையாக உறையவைத்தால் சீக்கிரம் இளகும், இடமும் மிச்சம். பெயரும் தேதியும் எழுத மறந்தால் இரண்டு மாதம் கழித்து அது பூசணியா கேரட்டா என்று யாராலும் சொல்ல முடியாது.

முட்டைக்கோஸைப் புளிக்கவைக்க எடைக்கு 2 சதவீதம் உப்பு. மெல்லியதாக நறுக்கிய 500 கிராமுக்கு 10 கிராம். கையால் அழுத்திப் பிசையப் பிசைய ஐந்து, பத்து நிமிடத்தில் அதன் சாறே ஊறி வரும். சுத்தமான கண்ணாடி ஜாடியில் அமுக்கி அமுக்கி நிரப்பி, சாற்றுக்கு மேலே ஒரு நறுக்கும் தலைகாட்டாதபடி மேலே கனம் வையுங்கள். மூடியைத் தளர்த்தி வையுங்கள், இறுக்கினால் தினம் ஒரு முறை திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும். 20 டிகிரி அளவில் ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும், வெப்பம் கூடினால் சில நாளிலேயே புளித்துவிடும். நாக்குக்குப் பிடித்த புளிப்பு வந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடலாம். பஞ்சு போல் பூசணம் பூத்தால் அல்லது வழவழப்பும் நாற்றமும் வந்தால் மேலே மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள், கொட்டிவிடுங்கள். எண்ணெயில் போட்ட பச்சைப் பூண்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே வைக்க வேண்டாம். காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் நச்சு உருவாகலாம், அது நிறத்திலோ மணத்திலோ தெரியாது. ஃபிரிட்ஜில் நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

9. அடுத்த சந்தைக்கு முந்தைய நாள்

அன்று புதிதாக எதுவும் யோசிக்காதீர்கள். ஒரு வெங்காயத்தை வதக்கி, மிஞ்சிய கேரட், முட்டைக்கோஸின் உள் குருத்து, தளர்ந்த தக்காளி எல்லாவற்றையும் ஒரே அளவில் நறுக்கிப் போடுங்கள். கடினமானது முதலில், மெல்லியது கடைசியில். ஒரு கப் வெந்த பயறு, மூழ்கும் அளவு தண்ணீர், கால் மணி நேரம். முட்டை இருந்தால் கொதிக்கும்போதே இரண்டை உடைத்து ஊற்றி மூடி வையுங்கள், நான்கைந்து நிமிடத்தில் வெந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டைத் துடைத்து, என்ன தீர்ந்தது, என்ன இரண்டு வாரமாக அப்படியே கிடக்கிறது என்று பார்த்து அடுத்த பட்டியலை எழுதலாம்.